மேகத்தில் வைத்த ஓலை

சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தலில் முதிய அந்தணர் ஒருவர் புகுந்து, அவரைத் தம் அடிமை என்று கூறி வழக்கிட்ட வரலாற்றை நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். பக்திச் சுவை கருதிக் கேட்டோமேயன்றி, ஓர் ஆவணத்தின் வாழ்வும் சாவும் அதனுள் எவ்வளவு நுட்பமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன என்பதைப் பெரும்பாலோர் கவனித்திருக்கமாட்டோம். முதியவர் ஓலையைக் காட்டுகிறார். மணமகனார் அதனைப் பறித்துக் கிழித்து எறிகிறார். ஓலை கிழிந்ததோடு வழக்கும் ஒழிந்தது என்றே பந்தலில் இருந்தோர் நினைத்திருப்பர். முதியவரோ, கிழிந்தது படியோலைதான் என்றும், மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் கூறுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. மூல ஓலை வெளிப்படுகிறது, கரணத்தான் படிக்கிறான், சாட்சிகளின் கையெழுத்தும் ஒத்திருக்கிறது. அதன் பின்னும் சபையாருக்கு நிறைவு உண்டாகவில்லை. மணமகனாரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காவலுள்ள இடத்திலிருந்து வருவித்து, இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தை ஒப்பு நோக்கிய பிறகே தீர்ப்புக் கூறுகிறார்கள்.

அந்தச் சபையாரின் மனத்தில் இருந்த கேள்வி ஒன்றே. இந்த ஓலை எழுதப்பட்ட நாளில் எப்படி இருந்ததோ, அப்படியே இன்றும் இருக்கிறதா? இதற்கு விடை காண, ஒப்பு நோக்குவதற்கு வேறொரு பொருள் வேண்டும். அந்தப் பொருள் வழக்காடும் இருவர் கையிலும் சிக்காத இடத்தில் இருந்திருக்கவும் வேண்டும். பிளாக்செயின் என்னும் புதிய பெயரோடு இன்று உலவும் கலையின் உட்பொருளும் இதுவே. இடம் மட்டும் மாறியிருக்கிறது. ஓலை இப்போது பெட்டகத்தில் இல்லை, மேகத்தில் இருக்கிறது.

மேகம் என்றதும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. கிளவுட் என்பதும் மண்ணின் மேல், மதில் சூழ்ந்த கட்டடங்களில், இரவும் பகலும் மின்சாரமும் குளிர்காற்றும் ஊட்டி வளர்க்கப்படும் கணிப்பொறிகளின் கூட்டமேயாகும். அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் தன் சேமிப்பிடத்தைப் பிறருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது முதல் இந்த வாணிபம் பெருகிற்று. நம் மத்திய அரசாங்கமும் 2014-ல் தனக்கென ஒரு தேசிய மேகத்தைத் தொடங்கி, ‘மேகராஜ்’ என்று அழகாகப் பெயரிட்டது.

நாக்பூரிலும் பிலாயிலும் ஜாம்ஷெட்பூரிலும், மும்பை மாதுங்காவிலும் தாராவியிலும், தில்லி கரோல்பாக்கிலும் வாழும் தமிழ் மக்களுக்கு இவ்விஷயத்தில் மற்றவர்களைவிட ஒரு தனி அக்கறை உண்டு. ஊரிலேயே இருப்பவன் தன் நிலத்தின் வரப்பை நாள்தோறும் மிதிக்கிறான். அயலான் ஒரு முழம் நகர்த்தினால் அன்று மாலையே அறிவான். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவனுக்கோ ஏடுதான் வரப்பு. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகிய எல்லாவற்றையும் அவன் கணிப்பொறித் திரையில்தான் காண்கிறான். பிள்ளையின் பிறப்புச் சான்று, மகளின் மதிப்பெண் பட்டியல், ஓய்வூதியக் கணக்கு எல்லாம் அப்படியே. அந்தத் திரைக்குப் பின்னால் எங்கோ ஒரு கட்டடத்தில் ஓர் எண் மாறினால், அவனுடைய உரிமையும் மாறிவிடுகிறது.

மேகத்தில் வைத்த பொருளுக்கு மூவகைத் தீங்கு நேரலாம். அது தொலைந்து போகலாம். பார்க்கக் கூடாதவர் பார்த்துவிடலாம். அல்லது எவரும் அறியாமல் மாறிவிடலாம். முதல் இரண்டும் எப்படியோ வெளியில் தெரிந்துவிடும். மூன்றாவதற்கு ஓசையே இல்லை. இந்த மூன்றாவது தீங்கு நேராதிருக்கும் நிலையைக் கணிப்பொறியாளர் ‘இன்டெக்ரிட்டி’ என்பர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் பல நாள் இடர் தந்தது. அகராதியைப் புரட்டினால் நேர்மை என்றும் ஒருமைப்பாடு என்றும் காண்கிறது. தகவலுக்கு நேர்மை ஏது? தேசத்துக்கு ஒருமைப்பாடு பொருந்தும். மதிப்பெண் பட்டியலுக்குப் பொருந்துமா? பழுதின்மை என்று எழுதி ஒருவாறு அமைதியடைந்தேன். வைத்தது வைத்தபடி இருத்தல் என்பதே அதன் பொருள்.

அச்சொல்லின் முழு ஆழத்தை அகராதி எனக்குக் கற்பிக்கவில்லை. ஓர் இழுக்குக் கற்பித்தது. சில ஆண்டுகளுக்கு முன் நான் மொழிபெயர்த்துக் கொடுத்த அறிக்கை ஒன்றில், ஒரு தொகை 14 லட்சம் ரூபாய் என்று மூலத்தில் இருந்தது. எட்டு மாதம் கழித்துப் பொதுச் சேமிப்பிலிருந்து என் மொழிபெயர்ப்பை எடுத்துப் பார்த்தபோது அதில் 41 லட்சம் என்று நின்றது. பிழை மொழிபெயர்ப்பாளருடையது என்று கோப்பில் குறிப்பு எழுதப்பட்டது. நான் சரியாகத்தான் எழுதினேன் என்று கூற என்னிடம் நினைவைத் தவிர வேறு சான்று இல்லை. அக்கோப்பைத் திருத்தும் உரிமை உடையவர் பலர் இருந்தனர். ஆனால் அவர்களுள் எவரையும் ஐயுற எனக்கு ஆதாரமும் இல்லை. உண்மையைச் சொன்னால், என் விரலே பிறழ்ந்திருக்கலாம். இன்றளவும் எனக்குத் தெரியாது. பழுதின்மைக்குக் காவல் இல்லாத இடத்தில் குற்றவாளி தப்புவது ஒருபுறம் இருக்க, குற்றமற்றவனுக்குத் தன்னைத் தானே நம்பவும் வழியில்லாமற் போகிறது.

இனி, காவல் எங்ஙனம் அமைகிறது என்று பார்ப்போம். அடிப்படைக் கருவி ‘ஹாஷ்’ எனப்படும் ஒரு கணக்கு முறை. இதனை ஆவணத்தின் கைரேகை என்று கொள்ளலாம். ஒரு வரிக் கடிதமானாலும், கம்பராமாயணம் முழுவதுமானாலும், அதனை இக்கணக்கினுள் செலுத்தினால் ஒரே நீளமுள்ள ஒரு குறி வெளிவருகிறது. இன்று பெரும்பாலும் வழங்கும் முறைக்கு ஷா-256 என்று பெயர். அது தரும் குறியை எழுதினால் 64 எழுத்து நீளம் வரும். கம்பராமாயணத்தில் ஓர் ஒற்றெழுத்தை மட்டும் மாற்றி மறுபடியும் செலுத்தினால், வருகின்ற குறி முந்தியதோடு உறவே இல்லாததாக இருக்கும். குறியிலிருந்து ஆவணத்தைத் திரும்பப் பெற முடியாது. ஒரே குறியைத் தரும் இரண்டு ஆவணங்களைக் கண்டுபிடிப்பதும் நடைமுறையில் இயலாத காரியம். ஏனெனில், வரக்கூடிய குறிகளின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்.

ஆகவே, மேகத்துக்கு ஒரு கோப்பை அனுப்புமுன் அதன் கைரேகையை எடுத்து வைத்துக்கொண்டால், திரும்பப் பெறும் நாளில் மறுபடியும் கைரேகை எடுத்து ஒப்பு நோக்கலாம். ஒத்திருந்தால் பழுதில்லை. ஆனால் இந்தக் கைரேகையை எங்கே வைப்பது? கோப்போடு சேர்த்து அதே மேகத்தில் வைத்தால், கோப்பை மாற்றுபவன் கைரேகையையும் மாற்றிவிடுவான். என் வீட்டிலேயே வைத்தால், நான் மாற்றவில்லை என்று பிறர் ஏன் நம்பவேண்டும்? திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் நாடிய ‘காவலுள்ள இடம்’ எது என்பதே கேள்வி.

1991-ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் இக்கேள்விக்கு ஒரு விடை எழுதினார்கள். ஒவ்வோர் ஆவணத்தின் கைரேகையையும் தனித்து வைக்காமல், முந்தைய கைரேகையோடு சேர்த்துப் பிணைத்துக்கொண்டே செல்ல வேண்டும் என்பது அவர்கள் கருத்து. நம் ஊர் மளிகைக் கடைப் பேரேட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முன்பக்கத் தொகை எழுதப்பட்டிருக்கும். பத்தாம் பக்கத்தில் ஒரு தொகையைத் திருத்தினால், பதினொன்றாம் பக்கத்தின் தலை இடிக்கும். அதனைத் திருத்தினால் பன்னிரண்டு இடிக்கும். கடைசிப் பக்கம் வரை திருத்தியாக வேண்டும். அந்தக் கடைசிப் பக்கத்தின் தொகையை ஊரறியச் செய்துவிட்டால் திருத்துவதற்கு வழியே இல்லை. இவர்கள் அதையும் செய்தார்கள். அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல், இவ்வாறு பிணைத்துப் பெற்ற குறியை வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சிட்டு வந்தது. இழந்த பொருள், கண்டெடுத்த பொருள் பற்றிய அறிவிப்புகளுக்கு இடையே பொருள் விளங்காத ஒரு வரி! ஆனால் அந்த வரியை மாற்ற வேண்டுமானால், அமெரிக்க நாட்டு நூலகங்களிலும் வீடுகளிலும் கிடக்கும் அந்நாளைய பத்திரிகைப் பிரதிகள் அனைத்தையும் தேடிப் பிடித்து அழிக்க வேண்டும்.

என் அபிப்பிராயத்தில் பிளாக்செயினின் முழுத் தத்துவமும் அந்த ஒரு வரி விளம்பரத்தில் அடங்கிவிட்டது. பின்னர் வந்தவை அதன் விரிவே. 2008-ல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான பிட்காயின் கட்டுரை, தனக்கு முன்னோடியாக எட்டு எழுத்துகளைக் காட்டுகிறது. அவற்றுள் மூன்று ஹேபர், ஸ்டோர்னெட்டா இருவரும் பங்கு கொண்டவை. 2009 ஜனவரி 3-ஆம் தேதி குறிக்கப்பட்ட பிட்காயினின் முதல் ஏட்டிலும், அந்நாளைய லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் தலைப்புச் செய்தி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. காகிதப் பத்திரிகையைச் சாட்சிக்கு அழைக்காமல் இந்த மின்காலத்துக் கலை பிறக்கவில்லை.

பிட்காயின் என்றவுடன் பணப் பேராசையும் ஏமாற்றும் நேயர்களின் நினைவுக்கு வரலாம். காசு வேறு, கணக்கேடு வேறு. நாம் பேசுவது ஏட்டைப் பற்றி. பதிவுகளைத் தொகுதி தொகுதியாகக் கட்டி, ஒவ்வொரு தொகுதியிலும் முந்தியதன் கைரேகையைப் பொறித்து, அந்த ஏட்டின் நகலை ஒருவருக்கொருவர் அடங்காத பலர் கையில் கொடுத்து வைப்பதே பிளாக்செயின். புதிய தொகுதியைச் சேர்க்க அவர்கள் ஒப்ப வேண்டும். யாரும் வந்து சேரக்கூடிய பொது ஏடுகளும் உண்டு. குறிப்பிட்ட நிறுவனங்கள் மட்டும் கூடி நடத்தும் ஏடுகளும் உண்டு. இரண்டாம் வகையில் பெரிதும் வழங்கும் ஒரு முறையின்படி, நால்வர் கூடி நடத்தினால் ஒருவர் பொய்த்தாலும் ஏடு பிழைக்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். மேகத்தில் உள்ள கோப்புகளையெல்லாம் பிளாக்செயினில் ஏற்றி வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஏற்றினால் ஏடு சுமை தாங்காது. கோப்பு மேகத்திலேயே இருக்கும். அதன் கைரேகை மட்டும் ஏட்டில் ஏறும். பத்து லட்சம் கோப்புகள் இருந்தாலும் பத்து லட்சம் கைரேகைகளை ஏற்ற வேண்டியதில்லை. ரால்ஃப் மெர்க்கிள் என்பவர் 1979-ல் வகுத்த முறைப்படி, இரண்டிரண்டு கைரேகைகளைச் சேர்த்து ஒன்றாக்கி, அவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, இறுதியில் ஒரே கைரேகையில் கொண்டு வந்து முடிக்கலாம். அந்த ஒன்று ஏட்டில் ஏறினால் போதும். பத்து லட்சத்தில் என் கோப்பு ஒன்று பழுதில்லாதிருப்பதை மெய்ப்பிக்க, இடைநிலைக் கைரேகைகளில் 20 கொண்டு வந்தால் தீர்ந்தது.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. மேகத்தில் இருக்கும் கோப்பு மிகப் பெரியதானால், ஒவ்வொரு முறையும் முழுவதையும் இறக்கிச் சோதிப்பது எப்படி? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் கண்ட முறையையே விஞ்ஞானிகளும் கைக்கொண்டார்கள். 2007-ல் ஜுசெப்பே அத்தேனியேசேயும் அவருடன் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் கணக்கிட்டுக் காட்டியபடி, கோப்பின் துண்டுகளில் நூற்றுக்கு ஒன்று கெட்டிருக்குமானால், குருட்டு வாக்கில் எடுத்த 460 துண்டுகளைச் சோதித்தாலே, அந்தக் கேடு அகப்படுவதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு உண்டு. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் இந்த 460 பெருகுவதில்லை. பாட்டி ஒரு சோற்றில் கண்டதை இவர்கள் 460 சோற்றில் கண்டார்கள் என்று நகைக்கலாம். ஆயினும் பாட்டியின் பானை கண்முன் இருந்தது, இவர்களுடைய பானை கடலுக்கு அப்பால் இருக்கிறது. அன்றியும், எந்தத் துண்டுகளைக் கேட்பது என்பதைச் சேமிப்பாளர் முன்கூட்டி அறிந்துவிடாதபடியும், சோதிப்பவர் சோதிக்காமலே சோதித்தேன் என்று சொல்லாதபடியும், கேள்வியும் விடையும் பிளாக்செயின் ஏட்டில் பதிவாகும்படி அமைக்கலாம். கணக்கைத் தணிக்கை செய்பவனுக்கும் இது ஒரு தணிக்கை.

கையொப்பம் இருக்கும்போது கைரேகை எதற்கு என்று ஒரு நேயர் கேட்கலாம். அரசாங்க ஆவணங்களில் மின்னணுக் கையொப்பம் இடும் வழக்கம் பரவியிருக்கிறதே? கேள்வி நியாயமானதே. கையொப்பம், இந்த ஆவணத்தை இன்னார் தந்தார் என்று சொல்லும். அந்த இன்னாரே பின்னொரு நாள் மனம் மாறி வேறோர் ஆவணம் எழுதி, பழைய தேதியிட்டுக் கையொப்பமிட்டால், அதனைத் தடுக்கும் ஆற்றல் கையொப்பத்துக்கு மட்டும் இல்லை. வெளியாரிடமிருந்து ஏட்டைக் காப்பதற்குப் பூட்டும் கையொப்பமும் போதும். ஏட்டின் காவலரிடமிருந்தே ஏட்டைக் காக்க வேண்டுமானால், சாட்சியம் அவர் கைக்கு வெளியே போயிருக்க வேண்டும்.

இந்த உண்மையைப் பட்டறிந்து கற்ற நாடு எஸ்டோனியா. பால்டிக் கடற்கரையில் சுமார் 13 லட்சம் மக்களே வாழும் சிறு நாடு அது. 2007-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், தலைநகர் டாலினில் இருந்த சோவியத் காலத்துப் போர்வீரன் சிலை ஒன்றை இடம் மாற்றியதையொட்டிக் கலவரம் மூண்டது. அதனுடன் அந்நாட்டின் வங்கிகள், பத்திரிகைகள், அரசாங்க அலுவலகங்கள் ஆகியவற்றின் கணிப்பொறிகள் மீது வெளியிலிருந்து தாக்குதல் வந்தது. அந்தத் தாக்குதல் கணிப்பொறிகளை முடக்கிற்றேயன்றிப் பதிவுகளை மாற்றவில்லை. ஆனால் எல்லா அரசாங்க ஏடுகளையும் கணிப்பொறியில் ஏற்றிவிட்ட அந்நாட்டாருக்கு அடுத்த கேள்வி எழாமல் இருக்குமா? நாளை ஒருவன் முடக்காமல், ஓசைப்படாமல் நோயாளியின் இரத்த வகையை மாற்றினால்? 2008-ல் சோதனையைத் தொடங்கி, 2012 முதல் அரசாங்கப் பதிவேடுகளில் கைரேகைப் பிணைப்பு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் மருத்துவப் பதிவுகளுக்கும் அதனை விரித்தார்கள். நோயாளியின் குறிப்பு எதுவும் அந்த ஏட்டில் இல்லை. கைரேகை மட்டுமே உண்டு. அவர்கள் கையாளுவதைப் பிளாக்செயின் என்று அழைப்பது முறையா என்று வாதிடும் புலவர்கள் உளர். அவர்களுக்குத் துணைநின்ற நிறுவனமும் தன் ஏட்டின் குறியைச் செய்தித்தாளில் அச்சிடுவதைக் கைவிடவில்லை என்பதே எனக்குச் சுவையான செய்தி.

நிலத்தைப் பற்றிக் கவலையுடையோருக்கு ஜார்ஜியாவின் நினைவு பயன்படும். அமெரிக்க மாநிலமன்று, கருங்கடலின் கீழ்க்கரையில் உள்ள நாடு. அந்நாட்டுப் பதிவுத் துறை 2016 முதற்கொண்டு, நில உரிமைப் பத்திரங்களின் கைரேகைகளைப் பிட்காயின் ஏட்டில் கொண்டுபோய்ப் பொறித்து வைக்கும் ஏற்பாட்டில் இறங்கிற்று. தன் அரசாங்கத்தின் அதிகாரம் செல்லாத இடத்தில் தன் சாட்சியத்தை வலிய வைத்த செயல் அது. நம் பத்திரப் பதிவுகளுக்கு இப்படி ஒரு வெளிச் சாட்சி இருந்தால், ஜாம்ஷெட்பூரில் இருப்பவர் தம் ஊர் வில்லங்கச் சான்றை இன்னும் சற்று நிம்மதியாகப் படிக்கலாம்.

நிம்மதி என்றேன், ஆனால் அளவுக்கு மீறிய நிம்மதி கூடாது. விற்பவர்கள் சொல்லாமல் விடும் சில குறைகளை நான் சொல்லியாக வேண்டும். கைரேகை கோப்பன்று. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தென்கொரியாவில் தேஜோன் நகரத்து அரசாங்கத் தகவல் நிலையத்தில் தீப்பற்றியது. அரசாங்க ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த மேகச் சேமிப்பு அதில் எரிந்து போயிற்று. 858 டெராபைட் தகவல். வேறிடத்தில் நகல் இல்லை. அக்கோப்புகள் ஒவ்வொன்றின் கைரேகையும் உலகமெங்கும் ஆயிரம் ஏடுகளில் பொறிக்கப்பட்டிருந்தாலும், சாம்பலிலிருந்து ஒரு வரியைக்கூட மீட்டிருக்க முடியாது. சாட்சி பிழைத்திருக்கும், சாட்சி சொல்வதற்குப் பொருள் இராது. படியோலை எடுத்து வேறிடத்தில் வைக்கும் பழைய வேலையைப் புதிய கலை எதுவும் நமக்காகச் செய்துவிடாது.

அடுத்தது இன்னும் பெரிய குறை. பொய்யை எழுதி அதன் கைரேகையைப் பொறித்தால், அந்தப் பொய் மாறாமல் காக்கப்படும். அவ்வளவுதான். ஆள்மாறாட்டம் செய்து பதிவான கிரயப் பத்திரத்தைப் பிளாக்செயின் உண்மையாக்காது. திருத்துவதற்குக் கடினமான பொய்யாக ஆக்கும். பதிவாளரின் மேசைக்கு முன்னால் நடப்பதை எந்தச் சங்கிலியும் பார்ப்பதில்லை.

ஏட்டில் வைப்பது கைரேகைதானே, இரகசியம் வெளிவராது என்றும் துணிந்துவிடக் கூடாது. ஆதார் எண் பன்னிரண்டு இலக்கம். ஆக லட்சம் கோடி எண்களுக்கு மேல் இல்லை. நொடிக்குப் பல கோடி கைரேகைகளைக் கணக்கிடும் பொறிகள் இன்று உள்ளன. எண்கள் அனைத்தின் கைரேகையையும் வரிசையாகக் கணக்கிட்டு, எது பொருந்துகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆகையால், கைரேகை எடுக்குமுன் ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எண்ணைக் கலந்துவிடுவார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் உப்பு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்னும் நம் பழமொழியை அறியாமலே பெயர் வைத்திருக்கிறார்கள். தனிமனிதர் தகவலை அழித்துவிடும்படி கேட்கும் உரிமையை 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வழங்கியிருப்பதையும் இங்கு நினைக்க வேண்டும். அழிக்க முடியாத ஏட்டில் அழிக்க வேண்டியதை எழுதாதிருப்பதே அறிவு.

கைரேகைக் கணக்கும் முதுமை அடையும். எம்.டி.5 என்னும் முறை 2004-ல் உடைந்தது. ஷா-1 என்பதை 2017-ல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளரும் கூகுள் நிறுவனத்தாரும் உடைத்து, வெவ்வேறான இரண்டு ஆவணங்களுக்கு ஒரே குறி வரும்படி செய்து காட்டினார்கள். இவ்விடத்தில் நம் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுப்பவர் அதன் கைரேகையையும் சான்றிதழில் குறிக்க வேண்டும். வரவேற்கத் தக்க ஏற்பாடு. ஆனால் அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் ஷா-256-க்கு அருகிலேயே, உடைந்துபோன மற்ற இரண்டின் பெயர்களும் நிற்கின்றன. படிவம் நிரப்பும் நேயர்கள் ஷா-256 என்பதையே தேர்ந்துகொள்வது நலம்.

நம் நாட்டு முயற்சிகளுக்கும் குறைவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி. 2021 டிசம்பர் 28-ஆம் தேதி நடந்த பட்டமளிப்பு விழாவில் பிளாக்செயின் வழியே பட்டங்களை வழங்கிற்று. தமிழ்நாட்டு அரசு தன் முயற்சிக்கு ‘நம்பிக்கை இணையம்’ என்று பெயர் சூட்டியது. மத்திய அரசாங்கம் 2024 செப்டம்பரில் ‘விஸ்வஸ்யா’ என்னும் ஏற்பாட்டைத் தொடங்கி, புவனேசுவரம், புனே, ஹைதராபாத் ஆகிய மூன்று நகரங்களில் அதன் கணிப்பொறிகளை அமைத்தது. வடமொழிப் பெயருக்கும் பொருள் நம்பிக்கையே. மூன்று நகரங்களில் வைத்ததனால் தீயும் வெள்ளமும் ஏட்டை ஒருங்கே அழிக்கமாட்டா. எனினும் அந்த மூன்று நிலையங்களும் ஒரே அமைப்பின் பொறுப்பில் உள்ளவை. மூன்று பூட்டுகளின் சாவியும் ஒரே கொத்தில் இருந்தால், திருடனுக்கு அஞ்ச வேண்டாம். சாவிக்காரர் மாறும் நாளுக்கு அஞ்ச வேண்டும். ஒரு நகல் நீதித்துறையிடமும், ஒன்று பல்கலைக்கழகம் ஒன்றிடமும், ஒன்று பிற மாநிலத்திடமும் இருக்குமாயின், அல்லது ஏட்டின் குறி மாதம் ஒரு முறை நாளிதழ் ஒன்றில் அச்சாகுமாயின், அந்தப் பெயர் முற்றிலும் பொருந்தும். செலவு ஒரு வரி விளம்பரத்தின் செலவு. இத்தகைய சேவையை உங்களிடம் எவர் புகழ்ந்து பேசினாலும், ஏட்டின் நகல் யார் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

14 லட்சம் 41 லட்சமான கதையை நடுவில் விட்டுவிட்டேன். கோப்பில் எழுதிய குறிப்பு அப்படியே இருக்கிறது; அதனை நீக்கும்படி நான் கேட்கவில்லை, கேட்க ஆதாரமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, ஒவ்வொரு மொழிபெயர்ப்பையும் ஒப்படைக்கும் நாளில் அதன் கைரேகையை எடுக்கிறேன். அதற்கான நிரல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. எடுக்க ஒரு நொடி ஆகிறது. அந்த 64 எழுத்துகளையும் ஒப்படைப்புக் கடிதத்தின் அடியில் தட்டச்சு செய்து, வழக்கமாகப் படி அனுப்பும் மூன்று மேசைகளுக்கும் அனுப்பிவிடுகிறேன். முதலில் இது என்ன குறி என்று கேட்டார்கள். இரண்டு மாதத்தில் கேள்வி நின்றது. கடிதங்களைத் தேதி வாரியாகக் கோப்பில் கட்டிவிடுகிறார்கள். மூன்று மேசைகளும் மூன்று வெவ்வேறு மாடிகளில் இருக்கின்றன.